புளியரையில் நிற்கும் வேன் வீடு: 14 மாதக் குடித்தனத்துக்குப் பின் ஒரு மதிப்புரை

செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் சாலையில், மலையேற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கும் புளியரையில், ஒரு தென்னந்தோப்பின் ஓரமாக நிற்கிற வெள்ளை நிற டெம்போ டிராவலர் வேன்தான் இப்போது எங்கள் வீடு. நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, வயது 66. என் கணவர் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 69. 2024 மே மாதத்தில், தென்காசி வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டு, மாடியில் ஓர் அறையை மட்டும் எங்களுக்கென்று பூட்டி வைத்துக்கொண்டு, இந்த வண்டிக்குள் குடியேறினோம். கேரவனை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துச் சுற்றிவிட்டு எழுதியவர்கள் நிறைய இருக்கிறார்கள். வயதான இருவர் ஆண்டு முழுவதும் அதில் குடியிருந்துவிட்டு எழுதியது என் கண்ணில் பட்டதில்லை. ஆகவே, வேனை வீடாக மாற்றிக் கட்டிக் கொடுத்த பட்டறையின் வேலை எப்படி இருந்தது என்பதையும், அந்த வேலையை வைத்துக்கொண்டு இந்த மலையடிவாரத்தில் காலம் தள்ளுவது எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். பட்டறையின் பெயரைக் குறிப்பிடவில்லை. குறைகளில் பாதியை அவர்கள் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். மறு பாதிக்கு இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

இந்த எண்ணம் எங்களுக்கு அமெரிக்காவில் வந்தது. ஹூஸ்டனில் இருக்கும் மகள் வீட்டுக்கு இரண்டு முறை சென்றிருந்தபோது, வீட்டை விற்றுவிட்டு ஆர்.வி. என்று சொல்லப்படும் வீட்டு வண்டிகளில் ஆண்டுக் கணக்கில் வாழும் முதியவர்களை நேரில் பார்த்தோம். அங்கே நாங்கள் பார்த்த பூங்காக்களில் வண்டி நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் தரையிலேயே தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு, கழிவுநீர்க் குழாய் மூன்றும் இருக்கின்றன. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி மூன்றையும் மாட்டிவிட்டால் குடித்தனம் தொடங்கிவிடுகிறது. ஹூஸ்டனுக்கு வடக்கே லிவிங்ஸ்டன் என்ற ஊரில், 1978 முதல் இயங்கிவரும் எஸ்கேப்பீஸ் என்ற சங்கம், வண்டி ஓட்ட முடியாத வயதை எட்டிவிட்ட உறுப்பினர்கள் தங்கள் வண்டியிலேயே வசித்துக்கொண்டு சாப்பாடும் பராமரிப்பும் பெறுவதற்கு ஓர் இடம் வைத்திருக்கிறது என்று மகள் சொன்னாள். வண்டி வாழ்க்கைக்கு ஒரு முடிவு வேண்டும் என்பதையும் யோசித்து வைத்திருக்கிறார்களே என்று எனக்குத் தோன்றியது. திரும்பி வந்த பிறகு என் கணவர் மூன்று மாதம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான்காம் மாதம் பழைய வேன் ஒன்றை விலை பேசிவிட்டு வந்து நின்றார்.

வண்டித் தேர்வில் அவர் சொன்னதே சட்டம், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. முப்பது ஆண்டுகள் செங்கோட்டை, புனலூர் பக்கம் பேருந்து ஓட்டியவர் என்பதால், மலைப்பாதை வளைவுகளில் ஒரே மூச்சில் திரும்ப வேண்டும் என்று சொல்லி, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3350 மில்லிமீட்டர் உள்ள நடுத்தர அளவு வேனையே எடுத்தார். 4020 மில்லிமீட்டர் வண்டியில் இன்னும் தாராளமாக இடம் கிடைத்திருக்கும். ஆனால் போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே மர லாரி வரும்போது அந்தத் தாராளம் உதவாது. 2019ஆம் ஆண்டு வண்டிக்கு ஒன்பது லட்சம், அதை வீடாக மாற்றுவதற்கு ஏழரை லட்சம், பிறகு நாங்களே செய்துகொண்ட திருத்தங்களுக்கு எழுபதாயிரத்துக்கு மேல் செலவானது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் எங்களுக்குக் கிடைத்த இடம் பதினோரு அடி நீளமும் ஐந்தே முக்கால் அடி அகலமும் கொண்டது. ஆறடி உயரம் இருப்பதால் இருவரும் நிமிர்ந்து நிற்கலாம். வயதானவர்கள் வண்டி பார்க்கப் போனால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் நாளெல்லாம் குனிந்து நடக்கும் வீட்டில் முதுகு ஒரு வாரம்கூடத் தாங்காது.

முதல் பெரிய குறை மலையில்தான் தெரிந்தது. பட்டறைக்காரர்கள் 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, மின்கலங்கள், சமையல் மேடை ஆகிய மூன்றையும் இடப்பக்கமே வைத்து, மேடைக்குக் கருங்கல் பலகையும் போட்டிருந்தார்கள். தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 150 கிலோ. கேரளப் பக்கத்து ஆரியங்காவிலிருந்து முதல் முறை இறங்கி வரும்போது ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுக்கிறது என்று சொன்ன என் கணவர், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய பாடத்தின்படி இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து வந்து, புளியரையில் நிறுத்தி, சாணளவு குச்சியால் இரு பக்கமும் அளந்து பார்த்தார். இடப்பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. தொட்டியை வண்டியின் நடுவில், தரைக்கு அடியில் மாற்றிக் கட்டப் பதினெட்டாயிரம் ரூபாய் கேட்டார்கள். வாக்குவாதத்துக்குப் பிறகு பாதியைக் கொடுத்தோம். கருங்கல் பலகை எங்களைக் காத்திருக்க வைக்கவில்லை, மூன்றாம் மலைப் பயணத்தில் தானே விரிசல் விட்டுவிட்டது. அதன் இடத்தில் இப்போது எவர்சில்வர் தகடு இருக்கிறது.

இரண்டாவது குறை இதைவிட அச்சமூட்டியது. சிலிண்டர் வைக்கும் பெட்டிக்குக் காற்றுத் துளையை மேல் பக்கத்தில் போட்டிருந்தார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கித் தரையோடு படுக்கும். எட்டாம் வகுப்பில் நான் பல ஆண்டு சொல்லிக் கொடுத்த செய்தி இது. ஆகவே துளை பெட்டியின் அடித்தளத்தில், வண்டிக்கு வெளியே திறக்கும்படி இருக்க வேண்டும். நான் இதைச் சொன்னபோது பட்டறையில் இருந்த இளைஞர், "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே டீச்சர்" என்றார். இப்போது பெட்டி வெளிப்புறம் திறக்கும்படி மாற்றப்பட்டு, அதில் ஐந்து கிலோ சிலிண்டர் ஒன்று இருக்கிறது. இந்தச் சிறிய சிலிண்டரை முகவரிச் சான்று இல்லாமல் பெட்ரோல் பங்குகளிலும் வாங்கலாம் என்பது எங்களைப் போல் இடம் மாறுகிறவர்களுக்குப் பெரிய வசதி.

பாராட்ட வேண்டியவற்றையும் சொல்ல வேண்டும். படுக்கை மிக நன்றாக அமைந்திருக்கிறது. வண்டியின் குறுக்கே ஒரே கட்டிலாகப் போடலாம் என்றுதான் பட்டறையில் முதலில் சொன்னார்கள். அப்படிப் போட்டால் உள்ளே படுக்கிறவர் இரவில் எழ வேண்டுமானால் மற்றவரைத் தாண்டித்தான் வர வேண்டும். என் கணவர் இரவில் மூன்று முறை எழுகிறவர் என்பதால், நீளவாக்கில் இரு பக்கமும் இரண்டேகால் அடி அகலத்தில் தனித்தனிக் கட்டில், நடுவில் நடை என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன், அவர்களும் அழகாகச் செய்து கொடுத்தார்கள். கட்டில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் இருப்பதால், உட்கார்ந்தால் பாதம் தரையில் படிகிறது. அவர்கள் கொடுத்த ஃபோம் மெத்தை கோடையில் வெந்தது. அதைக் கழற்றிவிட்டுப் போடியிலிருந்து இலவம்பஞ்சு மெத்தை இரண்டு தைத்து வாங்கிப் போட்ட பிறகு தூக்கத்துக்குக் குறைவில்லை. சமையல் மேடைக்கு எதிரே நின்றபடி, திரும்பாமலே எல்லாம் கைக்கு எட்டுகிறது. தோசைக்கல், குக்கர், மூன்று டம்ளர், ஓர் அஞ்சறைப்பெட்டி ஆகியவற்றோடு பதினான்கு மாதம் சமைத்ததில், தென்காசிச் சமையலறையில் எத்தனை பாத்திரங்களை வீணாகத் துலக்கினேன் என்பதும் தெரிந்தது.

ஆனால் ஏறும் படி! அந்த வேலையைச் செய்தவர் தம் தாயாரை ஒரு முறை அதில் ஏற்றிப் பார்த்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார். முதல் படி முழங்கால் உயரத்தில் இருந்தது. பிடித்துக்கொள்ள ஒரே ஒரு கம்பி, அதுவும் வலப்பக்கம். ஒரு மாதம் மணைப்பலகையைப் போட்டு ஏறினேன். பிறகு செங்கோட்டையில் ஒரு வெல்டிங் கடையில் இரண்டாயிரத்து இருநூறு ரூபாய்க்கு இரண்டடுக்கு மடக்குப் படியும், இரு பக்கமும் கைப்பிடிக் கம்பியும் செய்து மாட்டிக்கொண்டோம். ஏழரை லட்ச ரூபாய் வேலையில் எனக்கு அதிகம் பயன்படுவது இந்த இரண்டாயிரத்து இருநூறு ரூபாய்ப் பொருள்தான்.

கழிப்பறையைப் பற்றிக் கூச்சப்படாமல் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வயதில் வண்டி வாழ்க்கை நிலைப்பதும் குலைவதும் அதில்தான். எங்களுக்குப் பொருத்தியது கேசட் வகை. அடியில் இருபது லிட்டர் பெட்டி, நிறைந்ததும் வெளிப்பக்கம் இழுத்துக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அந்தப் பெட்டியின் அளவு, காகிதம் பயன்படுத்துகிறவர்களை மனத்தில் வைத்து வகுத்தது. நாம் தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்கள். நான்கு நாள் தாங்கும் என்று சொல்லிக் கொடுத்த பெட்டி, எங்கள் இருவருக்கு இரண்டாம் நாள் மதியத்துக்குள் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டது. நிறைந்த பெட்டி இருபது கிலோவுக்கு மேல் கனக்கும். 69 வயதுக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்கக் கூடாது. இப்போது பகலில் தோப்புக்காரர் வீட்டுப் புறத்தில் உள்ள கழிப்பறையைப் பயன்படுத்துகிறோம், வண்டிக் கழிப்பறை இரவுக்கு மட்டும். பாதி நிறைந்ததுமே சக்கரம் வைத்த சிறு பலகையில் உருட்டிக்கொண்டுபோய், அதே கழிப்பறையின் செப்டிக் தொட்டியில் சேர்த்துவிடுகிறோம். இதிலிருந்து நான் புரிந்துகொண்டது, நம் நாட்டில் வேன் வீட்டுக்கு முதல் தேவை, கழிப்பறைக் கதவைத் திறந்துவிடச் சம்மதிக்கிற ஒரு பக்கத்து வீடு என்பதுதான். அது இல்லாத இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் நாங்கள் நின்றதில்லை.

மின்சாரத்தில் பட்டறையின் வாய்ப்பேச்சுக்கும் கணக்குக்கும் தூரம் அதிகம். குளிர்சாதனம் இரவு முழுவதும் ஓடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். எங்களிடம் உள்ளது 200 ஆம்பியர் மணி லித்தியம் மின்கலம். அதில் அடங்குவது ஏறத்தாழ இரண்டரை யூனிட். அந்தச் சின்னக் குளிர்சாதனம் மணிக்கு முக்கால் யூனிட் அளவுக்கு எடுக்கிறது. வகுத்துப் பார்த்தால் மூன்றரை மணி நேரம்கூட வராது. எனக்கு இன்சுலின் போடுவதால், 2 முதல் 8 டிகிரிக்குள் மருந்தை வைக்கும் சிறு குளிர்ப்பெட்டிதான் எங்கள் மின்சாரத்துக்கு முதல் உரிமைக்காரர். அது நாளுக்கு அரை யூனிட், மின்விசிறியும் விளக்கும் கைபேசியும் இன்னொரு அரை யூனிட், அவ்வளவுதான் எங்கள் செலவு. கூரையில் உள்ள இரண்டு சோலார் பலகைகள் பங்குனி வெயிலில் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தருகின்றன. ஆனி, ஆடியில் சாரல் விடாமல் அடிக்கும்போது அரை யூனிட் வந்தாலே பெரிது. அந்த நாட்களில் தோப்புக்காரர் வீட்டிலிருந்து ஒரு வயர் இழுத்து, தனி மீட்டர் வைத்து, பணம் கொடுத்துவிடுகிறோம். குளிர்சாதனத்தை இப்படி வயர் மாட்டியிருக்கும்போது மட்டுமே போடலாம். சாரல் காலத்துச் செங்கோட்டைக் கணவாயில் அதற்கு வேலையும் இல்லை.

இந்த இடத்தை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஊர் ஊராகச் சுற்றுவோம் என்று எண்ணித்தான் கிளம்பினோம். வாகமண், குமுளி, மறையூர் எல்லாம் போய்விட்டும் வந்தோம். மூன்று மாதத்தில் அலைச்சல் அலுத்துவிட்டது. ஆனால் செங்கோட்டைக் கணவாயின் இரு பக்கமும் முக்கால் மணி நேர ஓட்டத்துக்குள் பருவமே மாறிவிடும் என்பதை அப்போதுதான் பயனுள்ள வகையில் புரிந்துகொண்டோம். தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் தென்மலையில் கொட்டும்போது புளியரையில் சாரலாகத் தூவும், தென்காசியைத் தாண்டினால் அதுவும் இருக்காது. சித்திரை வெயிலில் தோப்பு கொதிக்கும்போது, ஆரியங்காவுக்கு மேலே மரங்களின் நிழலில் இரவில் போர்வை தேடலாம். அதனால் எங்கள் பயணம் இப்போது ஆண்டுக்கு நான்கைந்து இடமாற்றங்களாகச் சுருங்கிவிட்டது. ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் காலாகாலமாகச் செய்வதைத்தான் நாங்கள் டீசல் போட்டுச் செய்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இந்தக் கணக்கு பொய்க்கிறது, இரு பக்கமும் மழை. சென்ற ஆண்டு அந்த இரண்டு மாதத்தில், கட்டிலின் பின்பக்கப் பலகையில் பூஞ்சணம் பூத்ததைப் பார்த்துவிட்டுத் தென்காசி மாடி அறைக்குத் திரும்பி மூன்று வாரம் இருந்தோம். அந்த அறையைப் பூட்டி வைத்ததற்காகக் கேலி செய்த உறவினர்கள் அதன்பின் பேசவில்லை.

நிறுத்தும் திசையிலும் இந்தக் கணவாய் பாடம் நடத்துகிறது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து சுரங்கத்தில் ஊதுவதுபோல் வரும். வண்டியின் கதவு இடப்பக்கம் இருப்பதால், மூக்கு வடக்கே பார்க்க நிறுத்தினால் கதவு மேற்கே அமைந்து, திறந்த நொடியில் வீடே பலூன்போல் உப்புகிறது, இரவெல்லாம் தொட்டிலாட்டம் வேறு. மேற்கே மூக்கு வைத்து நிறுத்தினால் ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. திசையைச் சரிசெய்தோமே தவிர, தலைக்கு மேலே பார்க்கவில்லை. சென்ற ஆண்டு ஓர் இரவு பச்சை மட்டை ஒன்று விழுந்து சோலார் பலகையின் கண்ணாடி நட்சத்திரம்போல் விரிந்தது. புதுப் பலகைக்கு ஒன்பதாயிரம் ரூபாய். காலையில் வந்து பார்த்த தோப்புக்காரர், "தென்னைக்குக் கண்ணு உண்டும்பாக அண்ணாச்சி, காத்துக்கு ஏது கண்ணு?" என்று சொல்லி, வரப்போரத்தில் மரமில்லாத இடத்தைக் காட்டினார். மாதம் மூவாயிரம் வாடகை என்று பேசிக்கொண்டதும் அன்றுதான்.

கேரளப் பக்கத்தில் நாங்கள் நிறுத்துவது ஒரு மலையாளக் குடும்பத்தின் முற்றத்தில், இரவுக்கு முந்நூறு ரூபாய். இந்தப் பக்கம் என் கணவர் அண்ணாச்சி, அந்தப் பக்கம் சேட்டன்; நான் மட்டும் இரு பக்கமும் டீச்சர்தான். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் அதன் பிறகு அமைந்த திருவிதாங்கூர் கொச்சி மாநிலத்தோடும் இருந்த ஊர் என்பதால், எல்லை என்பது இங்கே சோதனைச் சாவடிக் கம்பிக்கு மட்டும்தான் நன்றாகத் தெரியும். மண்டல காலத்தில் ஆரியங்காவு ஐயப்பன் கோயில் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடிப் போக வேண்டாம், பேருந்துகளுக்கே இடம் இருக்காது. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, மறு ஆண்டே வாகமண்ணில் கேரவன் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. முயற்சி நல்லது, ஆனால் அது விடுமுறைக்கு வருகிறவர்களை எண்ணி அமைந்த ஏற்பாடு, ஓய்வூதியத்தில் மாதக் கணக்கில் தங்க நினைக்கிறவர்களுக்கு அல்ல.

சட்டம் சார்ந்த சிலவற்றையும் கவனித்துக்கொள்ள வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் பெற்றுப் பதிவுச் சான்றில் ஏற்றியாக வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இதைப் பட்டறைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடக் கூடாது, நாங்கள் விட்டுவிட்டு நான்கு மாதம் அலைந்தோம். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் தொடர்ந்து 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். இரு பக்கமும் மாறி மாறி நிற்பதால் எங்களுக்கு அந்தச் சிக்கல் எழவில்லை. 55 வயதுக்கு மேல் ஓட்டுநர் உரிமம் ஐந்தைந்து ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும், ஒவ்வொரு முறையும் மருத்துவச் சான்றும் வேண்டும். என் ஓய்வூதியத்துக்கான உயிர்ச்சான்றைத் தோப்பில் உட்கார்ந்தபடி ஜீவன் பிரமாண் என்ற இணையச் சேவை மூலம் முடித்துவிட்டேன். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கடிதம் அனைத்துக்கும் தென்காசி முகவரியே நீடிக்கிறது.

பதினோரு அடிக்குள் இரண்டு பேர் என்பதைப் பற்றிக் கேட்கிறவர்கள் அதிகம். சண்டை போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போக முடியாது, வெளியே போய்த் தென்னை மரத்தடியில் நிற்க வேண்டும். மழையானால் அதுவும் முடியாது என்பதால் சண்டைகள் சுருக்கமாகிவிட்டன. அவர் வானொலி கேட்கும் நேரத்தில் நான் தோப்பு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போய்விடுகிறேன்.

மதிப்பெண் கேட்டால், அடிப்படை வண்டிக்கு ஐந்துக்கு நான்கரை, படுக்கைக்கும் சமையலிடத்துக்கும் ஐந்துக்கு ஐந்து, தண்ணீர்த் தொட்டிக்கும் எரிவாயுப் பெட்டிக்கும் திருத்துவதற்கு முன் பூஜ்யம், திருத்திய பின் மூன்றரை, கழிப்பறைக்கு இரண்டு. குடும்பத்தில் ஒருவருக்காவது மலைப்பாதையில் ஓட்டிப் பழக்கம் இல்லை என்றாலோ, திரும்பிப் போக ஓர் அறையை வைத்துக்கொள்ள முடியாது என்றாலோ நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த இரண்டும் இருப்பவர்கள், பட்டறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதே போன்ற வண்டி ஒன்றைப் பத்து நாள் வாடகைக்கு எடுத்து, அதில் ஆறு நாளாவது மழையில் ஒரே இடத்தில் நிறுத்தி இருந்து பார்க்கட்டும். பட்டறைக்காரர்கள் பேச்சுக்கு மரியாதையானவர்கள், தொலைபேசியை எடுக்கிறார்கள், அடுத்த வாரம் என்று சொல்கிறார்கள். சமையலிடக் கழிவுநீர்த் தொட்டிக்குச் சரியான மூடி அனுப்புவதாக அவர்கள் சொல்லி ஒன்பது மாதம் ஆகிறது. இதை எழுதும்போது அந்தத் தொட்டியின் வாயை, நான் பணி ஓய்வு பெற்ற அன்று பள்ளியில் கொடுத்த எவர்சில்வர் தட்டுதான் மூடிக்கொண்டிருக்கிறது.